நெளிவட்டம்

விவாகரத்துக்கு ஈடாக நாகஜோதி கேட்டது ஒரே ஒரு படம்.

வக்கீல் பீமாராவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். முப்பது வருஷத்தில் வீடு கேட்டவர்களையும் கார் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறார். ஒருத்தி நாய்க்குட்டியைக் கேட்டாள்.

"ஜீவனாம்சம்?"

"வேணாம் சார்."

"கம்பெனியில பங்கு? ஏழு வருஷம் கூட நின்னு உழைச்சிருக்கீங்க."

"எல்லாம் அவுக பேர்லதான் இருக்கு. அவுகளே வச்சுக்கிரட்டும்."

"அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட வந்தீங்க? நீங்களே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கலாமே."

நாகஜோதி கைப்பையிலிருந்து ஒரு காலி அப்பளக் கவரை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தாள். "இந்தப் படம் எனக்கு வேணும் சார். நான் வரைஞ்சது. இனிமே அவுக இதப் போடக் கூடாது. இத மாதிரி இருக்கிற எதையும் போடக் கூடாது. அம்புட்டுதான்."

வக்கீல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிர் மஞ்சள் கவர். நடுவில் கறுப்பு மையில் ஒரு வட்டம். அதை வட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். வலது தோளில் ஒரு பள்ளம், கீழே ஒரு வீக்கம். சுற்றி வந்த கோடு, தொடங்கிய இடத்தைத் தொடாமல் ஒரு நூல் விலகிப் போயிருந்தது. உள்ளே 'அப்பளம்' என்ற சொல். 'அ' வாய் நிறையச் சிரிப்பதுபோல் பெரிதாக இருந்தது. எழுத்துகள் போகப் போகச் சுருங்கி, கடைசி 'ம்' இடமில்லாமல் ஓரத்தில் ஒண்டியிருந்தது. அதன் புள்ளி வட்டத்துக்கு வெளியே போய் விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சின்ன அச்செழுத்தில் 'பாகீரதி'.

"கோணலால்ல இருக்கு," என்றார்.

"ஆமா சார். தீபாவளிக்கு அவுக புது லேபிள் வருது. அதுக்கு முன்னாடி கையெழுத்து ஆகணும்."

வக்கீல் அவள் முகத்தைப் பார்த்தார். அழுத முகமாக இல்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்தப் படத்தை அவள் வரைந்தது வில்லாபுரத்து வாடகை வீட்டில். வாடிப்பட்டிப் பெண்ணும் கே.கே. நகர்ப் பையனும் கல்லூரியில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு வீட்டு வாசலிலும் கால் வைக்க முடியாமல் இருந்த காலம். ஸ்ரீராம்குமார் வேலையை விட்டிருந்தான். தெருவில் அப்பளம் போட்டுக் கொடுக்கும் பெண்களிடம் மொத்தமாக வாங்கி, கவரில் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். லேபிள் வரைய ஆளுக்கு எங்கே போவது? நாகஜோதி ஒரு அப்பளத்தை எடுத்துத் தாளின்மேல் வைத்து, மார்க்கரால் அதைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கையால் தேய்த்த அப்பளம் எது சரியான வட்டமாக இருந்திருக்கிறது? முக்கால் சுற்று வரும்போது அது விரலுக்கடியில் நொறுங்கியது. மிச்சத்தைக் கண்மதிப்பில் இழுத்தாள். எழுத்தைப் பெரிதாகத் தொடங்கிவிட்டுக் கடைசியில் இடமில்லாமல் திண்டாடினாள். கிழிக்கப் போனவளின் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"கிழிக்காத ஜோதி. பாத்ததும் சிரிப்பு வருது. அது நல்லதுதான்."

அன்று அவன் கை சூடாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவள் பல வருஷம் ஓட்டினாள்.

கடைகளுக்குச் சரக்குப் போட்டவள் நாகஜோதிதான். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி. வில்லாபுரத்தில் முத்திருளன் மளிகைக்கடையில் நிற்கும்போதுதான் முதலில் அந்தச் சொல் காதில் விழுந்தது. கட்டட வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு பெண், "அண்ணே, நெளிவட்டம் ஒரு பாக்கெட்," என்றாள். முத்திருளன் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார்.

"நெளிவட்டமாண்ணே?"

"பின்ன என்னத்தச் சொல்றது தங்கச்சி? எல்லாப் பயலும் காம்பஸ் வச்சு ரவுண்டு போட்டு, தங்கக்கலர்ல வளையம் மாட்டித் தொங்கவிடுறான். எதப் பாத்தாலும் ஒண்ணுபோல இருக்கு. உன்னோடது ஒண்ணுதான் எண்ணெய்ச் சட்டியிலேர்ந்து இப்பத்தான் எந்திரிச்சு வந்தமாதிரி இருக்கு."

பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். அவனியாபுரத்தில் நெளிவட்டம். திருமங்கலம் போகிற சாலையில் நெளிவட்டம். வாடிப்பட்டிச் சந்தையில் 'நெளிசல் அப்பளம்'. ஒருவர் வாயிலும் பாகீரதி வரவில்லை. அதை ஒருநாள் ஸ்ரீராம்குமாரிடம் சொன்னாள். அவன் போனில் இருந்தான். "ம்," என்றான்.

தொழில் வளர்ந்தது. மாமியார் பாகீரதி சமாதானமாகி வந்தாள். லேபிளில் தன் பெயர் இருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, ஊரெல்லாம் தன் பெயரைச் சொல்லித்தான் அப்பளம் பொரிக்கிறது என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் சொன்னாள். ஸ்ரீராம்குமாரின் அண்ணன் விஸ்வநாத் கணக்குப் பார்க்க வந்து சேர்ந்தான். கே.கே. நகரில் அலுவலகம் வந்தது. ஸ்கூட்டர் போய் டெம்போக்கள் வந்தன. கடைக்குப் போகிறவள் வீட்டில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் வேறு யாரும் எந்தக் கடை வாசலிலும் நின்றதில்லை.

அப்போதுதான் ஸ்ரீராம்குமாரின் வாயில் 'பினிஷிங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. கிரானைட் போட வந்தவரிடம், பினிஷிங் பத்தல. தச்சரிடம், இதுல பினிஷிங் எங்க? எதைக் கண்டாலும் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பான். பிறகு அது மனைவியிடமும் வந்தது. சேலை மடிப்பில் பினிஷிங் இல்லை. "அவுக இவுகன்னு பேசாத, ஆளுங்க இருக்கும்போது. பினிஷிங் இல்லாம." ஒரு வரவேற்புக்கு அவளைக் கூட்டிப்போகாமல் போனான். அடுத்ததற்கும்.

கோயம்புத்தூரிலிருந்து தீப்தி என்ற வடிவமைப்பாளர் வந்தது போன ஆனி மாதம். இருபத்தெட்டு வயதிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தீப்தி திரையில் பழைய லேபிளைப் பெரிதாகக் காட்டினாள்.

"சார், என்னைக் கேட்டா இதை மாத்த வேண்டாம். கவரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணலாம். ஆனா இந்த வட்டத்தை விட்டுருங்க."

"ஏம்மா?" என்றான் விஸ்வநாத்.

"நூறு பாக்கெட்ல கண்ணு வழுக்கிட்டுப் போகும் சார். இதுல வந்து ஒரு நொடி நின்னுரும். கோடு சேரலை பாருங்க, அந்த இடத்துல நம்ம மனசு போய்ச் சேத்து வைக்குது. ஒரு மனுஷக் கை இருக்கு இதுல. இதை யார் வரைஞ்சாங்களோ, அவங்களுக்கு வரையத் தெரியாது. அதான் இதோட அழகே."

நாகஜோதி கையில் காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். தனக்கு வரையத் தெரியாது என்று ஒருத்தி சொன்னதற்கு அவள் மனம் ஏனோ குளிர்ந்தது.

ஸ்ரீராம்குமார் சிரித்தான். "தீப்தி, உங்கள வரச் சொன்னதே இதை மாத்தத்தான். இது நாங்க ஒண்ணுமில்லாம இருந்தப்ப போட்டது." நாற்காலியில் சாய்ந்தபடியே மனைவியைப் பார்த்தான். "என் வாழ்க்கையில அவசரப்பட்டு ரெண்டு காரியம் பண்ணேன். ஒண்ணு இந்த லேபிள், இன்னொண்ணு கல்யாணம். ரெண்டுலயும் பினிஷிங் இல்ல."

விஸ்வநாத் சத்தமாகச் சிரித்தான். மாமியார் முந்தானைக்குள் சிரித்தாள். தீப்தி சிரிக்கவில்லை, குனிந்து எதையோ தேடுவதுபோல் பையைத் துழாவினாள். நாகஜோதி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, அவனுக்கும் கொடுத்துவிட்டு, வெளியே வந்தாள்.

சாயங்காலம் தீப்தி அவளைத் தேடிக்கொண்டு சமையலறைக்கே வந்தாள்.

"அக்கா, அந்த வட்டம் நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"நான் நாலு கடைக்காவது போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். ஜனங்க என்ன சொல்லி இதைக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சா சார்கிட்ட தைரியமாப் பேசலாம். நீங்கதான் கடைகளுக்குப் போய்ட்டிருந்தீங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?"

நாகஜோதி கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆறே எழுத்தில் ஒரு சொல். அதைச் சொன்னால் இந்தப் பெண் நாளைக் காலையில் அவன் முன்னால் வைப்பாள். அவன் வட்டத்தை வைத்துக்கொள்வான். வட்டத்தை மட்டும்.

"பாகீரதி அப்பளம்னுதான் கேப்பாங்க," என்றாள். "பேருக்குத்தான் மதிப்பு. படத்த எவன் பாக்குறான்? வெயில்ல எதுக்குமா கடை கடையா அலையுற?"

தீப்தி கையிலிருந்த நோட்டை மூடினாள். பிறகு, "சரிக்கா," என்று போய்விட்டாள்.

அந்த நிமிஷம் அது வெறும் ஆத்திரம்தான். பத்து நாள் கழித்து, காரில் வரும்போது ஸ்ரீராம்குமார், "நாம பிரிஞ்சிரலாம் ஜோதி, ரெண்டு பேருக்கும் நல்லது," என்று சாலையைப் பார்த்துச் சொன்னான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு மளிகைக்கடையில் அவளுடைய கவர்கள் சரம் சரமாகத் தொங்கின. ஆத்திரம் திட்டமாக மாறியது அங்கேதான்.

"சரிங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. அதையும் அவள் கவனித்துக்கொண்டாள்.

கையெழுத்து நாளில் பீமாராவின் அறைக்கு ஸ்ரீராம்குமாரும் அண்ணனும் அம்மாவும் வந்தார்கள். பத்திரத்தைப் படித்த விஸ்வநாத் தம்பியின் காதில் ஏதோ சொன்னான். பிறகு நேராகவே கேட்டான்.

"அது எதுக்கு உனக்கு? நாங்களே குப்பையில போடப் போறோம்."

 இந்த ஒரு கேள்விதான் நாகஜோதியை நான்கு நாளாகத் தூங்கவிடாமல் செய்திருந்தது. பணம் என்று சொன்னால் சந்தேகம் வரும். தொழில் என்றால் எல்லாம் போச்சு. அவர்கள் எதை நம்புவார்கள் என்று யோசித்து வைத்திருந்தாள்.

"ஞாபகத்துக்கு," என்றாள். "வில்லாபுரத்து வீட்டுல இருந்தப்ப போட்டது. வேற எதுவும் எனக்குன்னு இல்ல."

கண்ணில் தண்ணீர் வரவேண்டும் என்று நினைத்திருந்தாள். நினைக்காமலே வந்துவிட்டது. அது நடிப்பு இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொடுத்துத் தொலைடா. பைத்தியம்."

"அதைப்போல் தோற்றமளிக்கும் எதையும் முதல் தரப்பினர் பயன்படுத்தக் கூடாது," என்று பீமாராவ் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

ஸ்ரீராம்குமார் பேனாவை எடுத்தான். "இதப்போல வரையணும்னா எடது கையால கண்ண மூடிட்டு வரையணும் சார். யாரு வரையப் போறா?" கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினான். அவன் குரலில் பெருந்தன்மை வழிந்தது. "ஃபிரேம் போட்டு மாட்டிக்க ஜோதி."

"மாட்டிக்கிறேங்க," என்றாள்.

தீபாவளிக்குப் புது பாக்கெட் வந்தது. பளபளக்கும் சிவப்புக் கவர். இம்மி பிசகாத வட்டம், சுற்றிலும் தங்க வளையம், நடுவில் கொட்டை எழுத்தில் 'பாகீரதி'. அப்பளம் அதேதான், மாவும் அதே, தேய்த்த கைகளும் அதே.

பத்தாம் நாள் முத்திருளன் போன் செய்தார்.

"தங்கச்சி, என்ன நடக்குது? நெளிவட்டம் கேட்டு வர்றவுகளுக்கு இந்தச் செவப்பு பாக்கெட்ட எடுத்து நீட்டுனா, போலிச் சரக்கக் காட்டி ஏமாத்துறியான்னு என்னைய ஏசுறாக. அதே அப்பளம்தான் தாயீன்னு சொன்னா, ஒரு அம்மா என் மூஞ்சியவே உத்துப் பாக்குது. நாப்பது வருசத்துல என்னைய யாரும் அப்படிப் பாத்ததில்ல."

"தையில வாரேண்ணே. அதுவரைக்கும் இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதையும் எடுத்துக் குடுக்காதீக."

அவள் உடனே சரக்கு இறக்கவில்லை. விவாகரத்துக்கான கோர்ட்டுத் தவணை முடிய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை: ஜனங்கள் இன்னும் கொஞ்சம் தேடட்டும். வாடிப்பட்டியில் அண்ணன் சிவபாண்டி நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தான். முன்பு அப்பளம் தேய்த்த வில்லாபுரத்துப் பெண்களில் பதினோரு பேர் பஸ் ஏறி வரச் சம்மதித்தார்கள். அச்சகத்தில் மஞ்சள் கவர் அடிக்கும்போது, "மேடம், இந்தப் புள்ளி வெளிய போயிருக்கு, உள்ள தள்ளிரவா?" என்று ஆள் கேட்டான்.

"அதத் தொட்டீகன்னா அம்புட்டையும் திருப்பி அனுப்பிருவேன்," என்றாள்.

தை பிறந்தது. மேலே 'பாகீரதி' இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தன் பெயரையும் அவள் போடவில்லை, பின்பக்க முகவரியோடு சரி. முத்திருளன் கடையில் முதல் பெட்டி மதியத்துக்குள் தீர்ந்தது. மாசியில் டெம்போ எடுத்தாள். பங்குனியில் கே.கே. நகர்க் கிடங்கில் சிவப்புப் பெட்டிகள் திரும்பி வந்து அடுக்கப்படுவதாக, அங்கே ஓட்டுநராக இருந்து இவளிடம் வந்துவிட்ட காளை சொன்னான். "எறக்க எடமில்லக்கா, வராண்டாவுல வச்சிருக்காக." அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சித்திரையில் ஸ்ரீராம்குமார் வாடிப்பட்டிக்கு வந்தான்.

கொட்டகை வாசலில் காரை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றான். உள்ளே பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி கையில் இருந்த சீட்டை மடித்துவிட்டு எதிரே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நல்லா இருக்கியா ஜோதி?"

"இருக்கேங்க."

"அந்தத் தீப்தி என்னைக் கவுத்துட்டா. அவள நிறுத்திட்டேன். கோயம்புத்தூர்ல நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், இவளுக்கு மார்க்கெட் தெரியாதுன்னு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் வேற ஆறு பேர வச்சு வரைஞ்சு பாத்தேன். உன் வக்கீல் நோட்டீஸ் விடாத அளவுக்கு, கொஞ்சம் கோணலா. ஒவ்வொண்ணும் பாத்தா நடிக்கிற மாதிரி இருக்கு. வேணும்னே பண்ணது தெரிஞ்சிருது. என்ன பண்ணி நீ அத வரைஞ்ச?"

"அப்பளம் நொறுங்கிருச்சு. அதான்."

அவன் சிரிக்க முயன்றான். அவள் சிரிக்கவில்லை.

"தீப்தி மேல தப்பில்ல," என்றாள். "மாத்த வேணாம்னு முதல்ல சொன்னது அந்தப் பொண்ணுதான். கடையில என்ன சொல்லிக் கேக்குறாகன்னு என்கிட்ட வந்து கேட்டுச்சு. பாகீரதின்னு கேக்குறாகன்னு பொய் சொன்னேன்."

"நீயா?"

"நாந்தான். கடையில எவனும் உங்க அம்மா பேரச் சொன்னதில்ல. நெளிவட்டம்னுதான் கேப்பாக. ஏழு வருசமா. உங்ககிட்டயும் ஒருநாள் சொன்னேன். போன் பேசிக்கிட்டிருந்தீக."

அவன் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். லேபிளைக் காட்டிய நாள். வக்கீல் அறை. அவள் கண்ணீர். பேனாவை எடுத்த தன் கை. இதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாள். நினைத்ததைவிட இனிப்பாகவே இருந்தது. தீப்தியின் பெயர் மட்டும் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் எண் இன்னும் போனில் இருக்கிறது. இன்று கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்று காளை தலையில் பெட்டியோடு வந்தான். ஸ்ரீராம்குமார் நகர்ந்தான். அடுத்த பெட்டி வந்தது, இன்னும் நகர்ந்தான். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் பள்ளமும் வீக்கமுமாக அந்த வட்டம் அவன் கண் எதிரே கடந்து போனது.

"ஜோதி," என்றான். குரல் இறங்கியிருந்தது. "நடந்தது நடந்திருச்சு. நாம மறுபடி சேந்துக்கலாம். அம்மாகிட்ட பேசிட்டேன். உன் பேரையே போடலாம் லேபிள்ல."

உள்ளே ஒரு கணம் பழைய வீட்டின் சூடான கை அவளைத் தொட்டது. அவன் வட்டத்துக்காகத்தான் வந்திருக்கிறான் என்பது தெரிந்தும் தொட்டது. அந்தக் கையை அவள் உதறுவதற்குச் சற்று நேரம் ஆனது.

"எனக்காக வந்தீகளா, இதுக்காக வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான்."

"இது மட்டும் இல்லன்னா?"

பதில் சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் மூன்று பெட்டிகள் டெம்போவில் ஏறின.

"இப்பவே சொல்லணும்னு இல்ல," என்றான் கடைசியில். "யோசிச்சு வை. அடுத்த வாரம் வாரேன்."

முடியாது என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் இனி இந்தப் பக்கம் வரமாட்டான். நாகஜோதி டெம்போவின் பின்கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"வாங்க," என்றாள்.

அவன் முகத்தில் நம்பிக்கை வந்தது. காரில் ஏறும்போது ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தான். வரட்டும். இதே வெயிலில், இதே இடத்தில் நின்று கேட்கட்டும். அடுத்த வாரமும் இல்லை என்று சொல்ல மாட்டாள். இன்னொரு வாரம் தவணை கொடுப்பாள்.